பிள்ளைகள் கேட்கும் ‘ஓகே கம்ப்யூட்டர்’

நம் சங்க இதழில் சங்கீதம் என்றால் பெரும்பாலும் மும்மூர்த்திகள், தமிழிசை, மார்கழிக் கச்சேரி, மிஞ்சிப் போனால் பழைய சினிமாப் பாட்டு. அவற்றைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. டில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர் வீடுகளில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறார்களே, அந்த இசை. பெற்றோர்கள் அதைக் ‘கூச்சல்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கூச்சல்தானா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லதல்லவா?

ஒரு பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். “எங்க பையன் ராத்திரி பகலா ஒரே பாட்டைத்தான் கேக்கறான் ஸார். அழற மாதிரி ஒரு குரல். படிப்பெல்லாம் நன்னாத்தான் படிக்கறான். ஆனாலும் பயமா இருக்கு.” பையனைக் கூப்பிட்டு என்ன பாட்டு என்று விசாரித்தேன். “ரேடியோஹெட், அங்கிள். ஓகே கம்ப்யூட்டர்னு ஒரு ஆல்பம். நீங்க எங்க கேக்கப் போறீங்க” என்றான். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உசுப்பிவிட்டது. ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஒயரோடும் ஒலியோடும் பழகியவன் நான். கர்நாடக சங்கீதத்தில் கேள்வி ஞானம் மட்டும் உண்டு. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆல்பத்தை இரண்டு மாதங்களில் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டேன். கேட்டதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன முன்கதை. ‘ஆல்டர்நேடிவ் ராக்’ என்ற பெயரைக் கண்டு மிரள வேண்டாம். 1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல், சிறிய கம்பெனிகள் மூலமும் கல்லூரி வானொலிகள் மூலமும் பரவிய ராக் இசைக்கு அந்தப் பெயர் வந்தது. பளபளப்பு குறைவு, மனக்குமைச்சல் அதிகம். 1991ல் நிர்வாணா என்ற அமெரிக்கக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ பிரமாதமாக விற்றவுடன் பெரிய கம்பெனிகளே இதைத் தேடிப் போயின. அதன் பிறகு இது எதற்கு ‘மாற்று’ என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் ‘புது பஸ் ஸ்டாண்ட்’ முப்பது வருடம் கழித்தும் புது பஸ் ஸ்டாண்டாகவே இருப்பது போல!

ரேடியோஹெட் குழுவினர் ஐந்து பேர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஏபிங்டன் என்ற ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பாடுபவர் தாம் யார்க். ஜானி கிரீன்வுட், எட் ஓபிரையன் இருவரும் கிடார். ஜானியின் அண்ணன் காலின் கிரீன்வுட் பேஸ் கிடார். டிரம்ஸ் ஃபில் செல்வே. வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை பார்த்ததால் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1991ல் ஈ.எம்.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தமானபோது, டாக்கிங் ஹெட்ஸ் என்ற குழுவின் பாட்டு ஒன்றின் தலைப்பிலிருந்து இன்றைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1992ல் ‘க்ரீப்’ என்ற ஒரே பாட்டு இவர்களை உலகம் சுற்ற வைத்தது. அன்று முதல் இன்று வரை அதே ஐந்து பேர்தான். குழுக்கள் உடைவதும் பிரிவதும் சகஜமான அந்த உலகத்தில் இது அபூர்வம்.

மூன்றாவது ஆல்பம்தான் 1997 ஜூனில் பிரிட்டனில் வெளியான ‘ஓகே கம்ப்யூட்டர்’. 12 பாட்டு, 53 நிமிடம். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த காலக்ஸி’ என்ற வேடிக்கையான விண்வெளிக் கதையின் வானொலி நாடகத்தைப் பயணத்தின்போது பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போனார்களாம். தலைப்பு அதில் வரும் ஒரு வசனத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் வெளியிட்ட கேபிடல் கம்பெனி முதலில் இருபது லட்சம் பிரதி விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தது. பாட்டைக் கேட்டபின் அந்தக் கணக்கை ஐந்து லட்சமாகக் குறைத்துக்கொண்டது. ‘இது ஓடாது’ என்பதை வியாபாரிகள் சொல்லும் முறை அது. ஆனால் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 21வது இடம், 1998ல் ஆல்டர்நேடிவ் பிரிவில் கிராமி விருது என்று போயிற்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2014ஆம் ஆண்டுப் பட்டியலில் இதையும் சேர்த்தது.

எனக்கு முதலில் சுவாரசியம் தட்டியது பாட்டில் அல்ல, பதிவில். வழக்கமான ஸ்டூடியோவை விட்டுவிட்டு, டிட்காட் அருகே ஆப்பிள் பழம் சேமிக்கும் ஒரு கொட்டகையில் கொஞ்சம் பதிவு செய்தார்கள். பிறகு பாத் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் கேதரின்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகைக்குப் போனார்கள். நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமாக இருந்த வீடு. கருவிகளைப் பல அறைகளில் பரப்பி வைத்து, நைஜல் காட்ரிச் என்ற இளம் பொறியாளர் குழுவோடு சேர்ந்து பதிவு செய்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான்.

ஸ்டூடியோ என்பது ஒலியை முழுங்கும் அறை. சுவரெல்லாம் பஞ்சு, திரை. எதிரொலி வேண்டுமென்றால் பிறகு மின்னணுக் கருவியில் ‘ஊற்றிக்’ கொள்வார்கள். மாளிகை அப்படியல்ல. கல் சுவர், கல் படிக்கட்டு. மதுரை திருமலை நாயக்கர் மஹாலில் நின்று கை தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தட்டிய சத்தம் நின்ற பிறகும் மண்டபம் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்துதான் விடும். கல் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான பிரதிபலிப்புகள் மில்லி விநாடி வித்தியாசத்தில் காதுக்கு வந்து சேருகின்றன. காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ‘இது பெரிய இடம்’ என்று புரிந்துகொள்கிறது. ‘எக்ஸிட் மியூசிக்’ என்ற பாட்டில் யார்க்கின் குரலுக்குப் பின்னால் இருப்பது அந்த மாளிகையின் கல் படிக்கட்டு. வெறும் கிடாரும் தனிக் குரலும் தொடங்கும்போதே, ஆளில்லாத கோவில் பிராகாரத்தில் ஒருவன் தனக்குள் பாடிக்கொள்வது போல் இருக்கிறது. 1996ல் வந்த ‘ரோமியோ பிளஸ் ஜூலியட்’ படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலுக்காக எழுதிய பாட்டு இது. முடிவில் பேஸ் கிடார் கரகரத்துக்கொண்டு மேலேறி வரும்போது நல்ல ஸ்பீக்கராக இருந்தால் மேஜை நடுங்கும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். கிழியவில்லை, பயப்பட வேண்டாம்.

கர்நாடக சங்கீதக் காதோடு இதைக் கேட்க உட்காருகிறவர்களுக்கு ஒரு தடை உண்டு. நாம் பாடகரைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். ஸ்ருதி ஒன்று நிலையாக நிற்க, அதன் மேல் குரல் வளைந்தும் நெளிந்தும் போகும். வயலின் அந்தக் குரலின் நிழல். கமகத்தில்தான் நமக்கு உயிர். மேற்கத்திய இசையில் பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலித்து ஒரு ‘நிறம்’ உண்டாகிறது. அந்த நிறம் மாறிக்கொண்டே போவதுதான் பாட்டு. குரல் அதில் ஒரு இழை மட்டுமே. இளையராஜா பாடல்களில் பல்லவிக்கு அடியில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகுமே, அதைக் கவனித்து ரசித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். என் யோசனை இதுதான். முதல் தடவை யார்க்கின் குரலை விட்டுவிட்டு, காலின் கிரீன்வுட்டின் பேஸ் கிடாரை மட்டும் பின்தொடருங்கள். வார்த்தை புரியவில்லை என்று கவலைப்படாதீர்கள். அவர் உச்சரிப்பு இங்கிலீஷ்காரர்களுக்கே முழுசாகப் புரிவதில்லை என்கிறார்கள்.

முதல் பாட்டு ‘ஏர்பேக்’. 1987ல் யார்க் ஒரு கார் விபத்தில் சிக்கித் தப்பினார். அதிலிருந்து அவருக்குக் கார்ப் பயம். சாலையில் சாவின் வாய்க்குள் போய்த் திரும்பியவன், ஏதோ புதுப் பிறவி எடுத்தாற்போல் உணருவதுதான் பாட்டின் சாரம். கார் மோதியவுடன் வேகம் சட்டென்று குறைவதை உணர்கருவி கண்டுபிடித்து, ஒரு சிறு வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. அதிலிருந்து பிறக்கும் வாயு, விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் பையை ஊதிவிடுகிறது. மனிதன் ‘ஐயோ’ என்று நினைப்பதற்குள் இயந்திரம் நினைத்து முடித்துவிடுகிறது. பாட்டையும் பாதி இயந்திரத்தின் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். செல்வே வாசித்த டிரம்ஸைப் பதிவு செய்து, அதில் சில விநாடித் துண்டை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கிறார்கள். பேஸ் கிடார் அங்கங்கே பேசிவிட்டு நிறுத்திவிடுகிறது. மிருதங்கக்காரர் வேண்டுமென்றே ஒரு ஆவர்த்தனம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சபை எப்படி நிமிர்ந்து உட்காருமோ, அந்த விளைவு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன அபிப்பிராய பேதம் உண்டு. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘இயந்திர யுகத்துக்கு எதிரான குரல்’ என்று ஒரே பல்லவி பாடுகிறார்கள். ரயில்வே சிக்னலில் எங்களுக்கு முதல் பாடம், கருவி கெட்டுப்போனால் அது ஆபத்தில்லாத பக்கமாகக் கெட வேண்டும் என்பதுதான். ஒயர் அறுந்தால் சிக்னல் சிவப்பாக நிற்க வேண்டும், பச்சையாக அல்ல. அப்படி யோசித்துச் செய்த இயந்திரம் மனிதனுக்கு நண்பன்தான். ‘ஏர்பேக்’ பாட்டிலும் காப்பாற்றுவது இயந்திரமே. இந்த ஆல்பத்துக்கு இயந்திரத்தின் மேல் கோபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மனிதன் கால அட்டவணையாக மாறிப்போவதுதான் இதன் துக்கம். இரண்டும் வேறு வேறு.

‘பாரனாய்டு ஆண்ட்ராய்டு’ ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது. மூன்று வேறு வேறு பாட்டுகளை ஒன்றாகத் தைத்தது. முதல் பகுதி மெதுவாக, ஏதோ முணுமுணுப்பு. இரண்டாவது பகுதியில் கிடார் கோபிக்கிறது. அங்கே தாளத்தை எண்ணிப் பாருங்கள். நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்தது நடுநடுவே ஏழுக்குத் தாவும். நமக்கு மிஸ்ர சாபு தண்ணீர் பட்ட பாடு. ராக் கேட்டே வளர்ந்தவனுக்கு அந்த ஏழு காலை இடறும். பையனிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, “ஆமாம் அங்கிள், இத்தனை நாள் தெரியலை” என்றான். மூன்றாவது பகுதியில் எல்லாம் அடங்கி, ஒருவர் குரலையே பல அடுக்காகப் பதித்து, மாதா கோவில் பாடகர் குழு மாதிரி மழையை வேண்டிப் பாடுகிறது. பின் திடீரென்று பழைய கோபம். லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு மதுக்கடையில், மேலே பானம் கொட்டிவிட்டது என்பதற்காக ஒரு பெண்மணி காட்டிய முகத்தைப் பார்த்து அரண்டுபோய் யார்க் எழுதியது இது. தூக்கத்தில்கூட அந்த முகம் அவரை விடவில்லையாம்.

அடுத்து வரும் ‘சப்டெரேனியன் ஹோம்சிக் ஏலியன்’ நம்மைப் போன்றவர்களுக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. வேற்றுக் கிரகத்தார் மேலே வட்டமடித்துக்கொண்டு, பூமியில் இருக்கும் விசித்திரப் பிராணிகளான மனிதர்களைப் படம் பிடித்துத் தங்கள் ஊருக்கு அனுப்புவதாகக் கற்பனை. பிழைக்க வந்த புதிதில் நம்மில் எத்தனை பேர் இன்லண்ட் லெட்டரில் இதையே செய்திருக்கிறோம்! ‘இங்கே காலையில் பராட்டா சாப்பிடுகிறார்கள், டிசம்பரில் குளிக்கவே மாட்டேன் என்கிறார்கள், சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள்’ என்று எழுதினோமே. பாட்டில் இருப்பவன் அந்தப் பறக்கும் தட்டில் தன்னையும் ஏற்றிக்கொண்டு போகமாட்டார்களா என்று ஏங்குகிறான். பிறந்த ஊரிலேயே அந்நியனாக இருப்பவனின் ஏக்கம் அது. நாம் வந்த ஊரில் அந்நியர். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள் இங்கும் மதராஸி, அங்கே போனால் ‘டில்லிக்காரன்’. அவர்களுக்கு இந்தப் பாட்டு ஏன் பிடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

என் காதுக்கு இந்த ஆல்பத்தின் சிகரம் ‘லெட் டவுன்’. மாளிகையின் நடன மண்டபத்தில் விடியற்காலை மூன்று மணிக்குப் பதிவு செய்தார்கள். விஷயம் போக்குவரத்து. சாலை, டிராம், விமானம் ஏறுவது, இறங்குவது, எல்லோரும் எங்கோ போய்க்கொண்டே இருப்பது, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றும் இல்லாதது. ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸிலும் வருடா வருடம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போய்வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாக்பூர் தாண்டிய பிறகு வரும் அந்தப் பொழுது, டில்லியும் இல்லாமல் சென்னையும் இல்லாமல் நடுவில் தொங்கும் மனசு. அதுதான் பாட்டு.

இதில் ஜானி கிரீன்வுட்டின் கிடார் மற்றக் கருவிகளின் கணக்கில் போகவில்லை. தனக்கென்று வேறு எண்ணிக்கை வைத்துக்கொண்டு மணி மாதிரி சொட்டிக்கொண்டே போகிறது. இரண்டு கணக்கும் எங்கோ சந்திக்கும், மறுபடி விலகும். பழைய காலத்தில் 13 மீட்டர் தண்டவாளங்களை இணைப்புத் தகடு போட்டு முடுக்கியிருப்போம். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ‘டடக் டடக்’ என்று தாளம் போடும். அதே நேரத்தில் மேல் பெர்த்தின் சங்கிலி தன் இஷ்டத்துக்கு வேறு தாளம் போடும். தூக்கம் வராத இரவில் இரண்டும் எப்போது சேரும் என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்போம். இப்போது தண்டவாளங்களைக் கிலோமீட்டர் கணக்கில் ஒட்டவைத்துவிடுகிறார்கள். பாதைக்கும் சக்கரத்துக்கும் அது நல்லது. தாளம் போய்விட்டது. ‘லெட் டவுன்’ கேட்டபோது அது திரும்பக் கிடைத்தது. கடைசி ஒரு நிமிடத்தில் யார்க்கின் குரல் இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலே எழும்பும். தாரஸ்தாயியில் நின்று அசைகிற அந்த இடத்தில், சோகப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025ல் இந்தப் பாட்டு குறுங்காணொளிகள் வழியாக இளைஞர்களிடையே பரவி, வெளிவந்து 28 வருடம் கழித்து அமெரிக்காவின் பில்போர்டு நூறு பாடல் பட்டியலில் இடம் பிடித்தது. நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கேட்டதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

‘கர்மா போலீஸ்’ என்ற தலைப்பில் நம் சரக்கு இருக்கிறது. குழுவில் யாராவது தப்புச் செய்தால் ‘கர்மா போலீஸ் வந்து பிடிக்கும்’ என்று தமாஷாகச் சொல்லிக்கொள்வார்களாம். வினைப்பயன் சித்தாந்தம் ஒரு போலீஸ் ஸ்டேஷனாகச் சுருங்கிவிட்டதே என்று வைதீகர்கள் வருந்தலாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாட்டின் முடிவில் வரும் சத்தத்தைக் கவனியுங்கள். ஓபிரையன் தன் கிடார் ஒலியை ‘டிலே’ என்னும் தாமதக் கருவியில் விட்டு, வெளியே வருவதையே மறுபடி உள்ளே அனுப்புகிறார். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ‘கூ’ என்று கத்துமே, அதே தத்துவம். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் குறைந்தால் எதிரொலி அடங்கிவிடும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் கருவி தன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வேலையில் இது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் வாங்கினோம். இவர்கள் வரவழைத்து, அதன் ஸ்ருதியை இறக்கி, தண்ணீரில் முழுகுவது போல் முடிக்கிறார்கள்.

‘ஃபிட்டர் ஹேப்பியர்’ பாட்டே அல்ல. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆப்பிள் கம்ப்யூட்டரில் எழுத்தை வாசித்துக் காட்டும் செயற்கைக் குரல் ஒரு பட்டியலை ஒப்பிக்கிறது. உடம்பைக் கவனி, அளவாகச் சாப்பிடு, ஆபீஸில் எல்லோரோடும் சுமுகமாக இரு என்கிற ரீதியில் ஒன்றின் பின் ஒன்றாகப் புத்திமதி. ஒவ்வொன்றும் நல்ல புத்திமதிதான். உணர்ச்சியில்லாத குரலில் வரிசையாகக் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஸ்டேஷனில் ‘வண்டி தாமதமாக வருகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று பதிவு செய்த குரல் அறிவிக்கும்போது யாரும் வருந்தவில்லை என்பது நமக்குத் தெரியுமல்லவா, அதுபோல. கடைசியில் அந்தப் பட்டியல் மனிதனைக் கூண்டில் அடைத்து மருந்து கொடுத்து வளர்க்கும் பிராணியோடு ஒப்பிட்டு முடிகிறது. நம் வீட்டுக் கூடத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாளில் நாம் பேசுவதை எழுதி அந்தக் கருவியிடம் கொடுத்தால் எப்படி வாசிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோச்சிங் போனாயா, மார்க் எவ்வளவு, பால் குடித்தாயா, போனை வை. எல்லாம் அன்பினால் சொல்வதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் அது எந்தக் குரலில் கேட்கிறது என்பதுதான் விஷயம்.

‘எலெக்ஷனியரிங்’ எனக்குப் பிடிக்கவில்லை. அரசியல்வாதியைக் கிண்டல் செய்யும் சாதாரண ராக் பாட்டு. ஆல்பத்தின் நடுவில் மாட்டுமணியைத் தட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. இதைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. ‘க்ளைம்பிங் அப் த வால்ஸ்’ ராத்திரி தனியாகக் கேட்க வேண்டாம். போலந்து நாட்டு இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியின் பாதிப்பில், 16 தந்தி வாத்தியங்களைக் கால் ஸ்வர வித்தியாசத்தில் ஒரே சமயத்தில் வாசிக்க வைத்திருக்கிறார் ஜானி. ஸ்ருதி விலகினால் நமக்குப் பல் கூசும். அந்தக் கூச்சத்தையே கருவியாக்கிப் பயத்தை உண்டாக்குகிறார். கெட்டிக்காரத்தனம்தான். மறுபடி கேட்கத் தோன்றவில்லை.

அந்த அம்மையாரைப் பயமுறுத்திய பாட்டு எது என்று பையனிடம் கேட்டேன். ‘நோ சர்ப்ரைசஸ்’. பிஞ்சுக் குழந்தையின் தொட்டிலில் தொங்கும் விளையாட்டு மணி மாதிரி க்ளாக்கன்ஷ்பீல் என்ற உலோகக் கட்டை வாத்தியம் ஒலிக்க, தாலாட்டு மெட்டில் பாடுகிறார். சொல்வது தாலாட்டு அல்ல. உழைத்துக் களைத்து, இனி எந்த அதிர்ச்சியும் வேண்டாம், சத்தமில்லாமல் இருந்தால் போதும் என்று எல்லாவற்றையும் விட்டுவிடத் துணிந்தவனின் பேச்சு. இதற்கு எடுத்த படத்தில் யார்க்கின் தலையைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கவசம். அதில் தண்ணீர் மெள்ள ஏறி மூக்கை மூடுகிறது. பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். பாட்டை வேகமாக ஓட விட்டுப் படமெடுத்துப் பிறகு மெதுவாக்கியிருக்கிறார்கள். அதனால் திரையில் தெரிவதைவிடக் குறைந்த நேரமே அவர் மூச்சை அடக்கவேண்டி இருந்தது.

இதைக் கேட்கும் பிள்ளை கெட்டுப்போவானா? சோகத்தைக் கேட்பதும் சோகத்தில் இருப்பதும் ஒன்றல்ல. முகாரியில் உருகிவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கிய பரம்பரை நாம். கிராமத்தில் ஒப்பாரி வைக்கும் கிழவிகள், அழுது முடித்தபின் மனசு லேசாகிவிட்டது என்று வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். தன் மனசில் இருப்பதை வேறு ஒருவன் சொல்லிவிட்டான் என்பதே பெரிய ஆறுதல். பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சிநேகிதர்களை விட்டு விலகுகிறான், வாழ்க்கையே வேண்டாம் என்று பேசுகிறான் என்றால் அது வேறு. அப்போது பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போகவும் தயங்க வேண்டாம். மற்றபடி, “இந்தப் பாட்டில் உனக்கு எந்த இடம் பிடிக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பையன் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினான். ஹாஸ்டல் விட்டு வந்தது, ஹிந்தியில் சிரிக்கவும் தமிழில் கோபப்படவும் பழகியது, அப்பா டூட்டிக்குப் போகும் நேரங்கள், எல்லாம் பேசினான். அவன் அம்மா கிச்சன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

‘லக்கி’ பாட்டு மற்றவற்றுக்கு முன்பே, 1995ல் போஸ்னியப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நிதி திரட்டிய இசைத்தட்டுக்காக ஐந்து மணி நேரத்தில் பதிவானது. அவசரத்தில் செய்தது எப்போதும் மட்டமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அத்தாட்சி. கடைசிப் பாட்டு ‘த டூரிஸ்ட்’ ஜானி கிரீன்வுட் எழுதியது. ‘கொஞ்சம் மெதுவாகப் போயேன்’ என்று அவசரக்காரனிடம் கெஞ்சும் பாட்டு. பாட்டும் விளம்ப காலத்தில்தான் போகிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ‘டிங்’ என்று ஒரே ஒரு மணி. அத்தோடு சரி.

ஒரேயடியாக இந்த ஆல்பத்தில் குதிக்கத் தயங்குகிறவர்களுக்கு வேறு ஒரு வாசலும் உண்டு. ஜானி கிரீன்வுட் 2015ல் ராஜஸ்தானுக்கு வந்து, ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில், இஸ்ரேலைச் சேர்ந்த ஷை பென் ட்சூர் என்பவரோடும் ராஜஸ்தானி இசைக்கலைஞர்களோடும் சேர்ந்து ‘ஜுனூன்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். பொறியாளர் அதே நைஜல் காட்ரிச். இங்கும் ஸ்டூடியோ கிடையாது, கல் கோட்டைதான். பால் தாமஸ் ஆண்டர்சன் என்ற ஹாலிவுட் இயக்குநர் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடியும் படமாக எடுத்திருக்கிறார். அதில் புறாக்கள் அறைக்குள் பறக்கின்றன, நடுவில் கரண்ட் போகிறது, டிரம்பெட்டும் டோலக்கும் கவ்வாலியும் ஒன்றாக முழங்குகின்றன. கிரீன்வுட் ஒரு மூலையில் கிடாரை வைத்துக்கொண்டு, தலைமுடி முகத்தை மறைக்க, பக்கவாத்தியக்காரர் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்தே பார்க்கலாம்.